மேலிருந்து பார்த்தால் தெரியும் பழைய ஊர்கள்: செய்மதிப் படமும் தொல்லியலும், பூனாகலையிலிருந்து ஒரு பார்வை

பூனாகலைப் பக்கத்து மக்களுக்குச் செய்மதிப் படம் புதிய விடயம் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியபோது, சரிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை உலகமே பார்த்தது. 2023 மார்ச் 19ஆம் திகதி பூனாகலை கபரகலையில் மண் சரிந்தபோதும் அப்படித்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைகளைச் சரித்தபோதும், எந்த ஊர் துண்டிக்கப்பட்டது, எந்த வீதி போனது என்பதைப் பலர் முதலில் படங்களில்தான் கண்டார்கள்.

வடக்கு, கிழக்கு மக்களுக்கு இந்தப் படங்கள் வேறொரு காலத்தை நினைவூட்டும். அதைக் கட்டுரையின் பின்பகுதியில் சொல்கிறேன்.

அதே செய்மதி, அதே விமானப் படம், அதே லேசர்க் கருவி ஆகியவற்றை வைத்து ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் எங்கே குடியிருந்தார்கள், எப்படி நீர் தேக்கினார்கள், காலநிலை மாறியபோது என்ன செய்தார்கள் என்று தேடும் துறை ஒன்று இருக்கிறது. தொலையுணர்வுத் தொல்லியல் என்று இதைச் சொல்லலாம். நிலத்தைத் தொடாமல், தூரத்தில் இருந்து அளந்து, புதைந்து கிடப்பதைக் கண்டுபிடிக்கும் முறை இது. இந்த முறையால் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நம்மவர்கள் விளங்கி வைத்திருப்பது அவசியம். இந்த நாட்டில் தொல்லியல் என்ற சொல்லோடு காணிப் பிரச்சினையும் சேர்ந்தே வருகிறது.

புல் காயும் வரிசை

அடிப்படை மிக எளிது. பழைய லயம் ஒன்று இடிக்கப்பட்டு, அந்த இடம் விளையாட்டு மைதானமாகி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல் அத்திவாரம் மண்ணுக்குள் அப்படியே கிடக்கிறது. மழை நாளில் ஒன்றும் தெரியாது. ஊவாவில் யூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சிக் காற்று வீசும்போது, கல்லுக்கு மேலே மண் மெல்லிதாக இருப்பதால் அங்குள்ள புல் முதலில் மஞ்சளாகும். பக்கத்து மேட்டில் ஏறி நின்று பார்த்தால் காம்பராக்களின் சுவர்கள் கோடு போட்டதுபோல் தெரியும். மைதானத்திலேயே நிற்பவருக்கு அது வெறும் காய்ந்த புல்தான்.

இதற்கு எதிரானதும் நடக்கும். பழைய குழி, அகழி, கான் இருந்த இடத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். அங்கே பயிர் உயரமாக, கரும்பச்சையாக வளரும்.

இந்த உண்மையை முறையான ஆய்வாக மாற்றியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ஓ.ஜி.எஸ். குரோஃபோர்ட். முதலாம் உலகப் போரில் விமானத்தில் இருந்து எதிரியின் நிலைகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தவர். போர் முடிந்த பின் பிரித்தானிய விமானப் படை எடுத்த படங்களில் பழைய வயல் வரப்புகளையும், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற கல்வட்டத்துக்குச் செல்லும் பாதையின் மறைந்துபோன பகுதியையும் கண்டார். படத்தோடு அவர் நிற்கவில்லை. 1923இல் அந்த இடத்தைத் தோண்டிச் சரிபார்த்தார். படத்தில் ஒரு வடிவம் தெரிந்தால் அதை நிலத்தில் போய்ச் சோதிக்க வேண்டும் என்ற விதி இந்தத் துறையில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1972 யூலையில் லான்ட்சாட் வரிசையின் முதல் செய்மதியை அமெரிக்கா ஏவியது. அதன் சிறப்பு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரையும் பதிவு செய்தது. ஆரோக்கியமான இலை அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும். வாடும் இலை குறைவாக அனுப்பும். நீர் அதை விழுங்கிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். மைதானத்துப் புல் காய்வதை மேட்டில் நின்று பார்க்கும் வேலையை, வானத்தில் இருந்து ஒரு மாவட்டம் முழுவதற்கும் செய்யலாம்.

வன்னியை எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்து கைவிடப்பட்ட குளம் ஒன்று காட்டுக்குள் இருந்தால், நடந்து போகிறவருக்கு அணைக்கட்டு ஒரு சிறு மண்மேடுதான். மேலிருந்து பார்த்தால் அது வில்போல் வளைந்த கோடு. குளத்தின் அடியில் படிந்த வண்டல் ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால், வறட்சிக் காலத்தில் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்ச நாள் கூடுதலாகப் பச்சையாக இருக்கும். ஒரு குளத்தின் மிகுநீர் அடுத்த குளத்துக்குப் போகும் தொடரையும் படத்தில் பின்தொடரலாம். குளம் இருந்த இடத்துக்கு அருகே பெரும்பாலும் ஊரும் வயலும் இருந்திருக்கும். ஆகவே குளத்தைத் தேடுவது குடியிருப்பைத் தேடுவதற்கான வழி.

ராடார் இன்னும் வேறுவிதமாக வேலை செய்யும். 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடம் சுமந்து சென்ற ராடார், சகாரா பாலைவனத்தின் காய்ந்த மணலை ஊடுருவி அடியில் புதைந்த பழைய ஆற்றுத் தடங்களைக் காட்டியது. இன்று ஒரு சொட்டு நீர் இல்லாத இடத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்பது அதனால் உறுதியானது. ஆனால் இது வறண்ட மணலில்தான் முடியும். நம் மலையின் ஈரமண்ணுக்குள் செய்மதி ராடார் அப்படி இறங்காது.

படத்தின் நுணுக்கம் இன்னொரு விடயம். இன்றைய லான்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் 30 மீற்றர் அகலம். ஒரு லயம் முழுவதும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதியில் ஒரு புள்ளி 10 மீற்றர். இவை இரண்டும் இலவசம். வணிகச் செய்மதிகளின் படங்களில் கூரைத் தகரத்தில் போட்ட ஒட்டுக்கூடத் தெரியும், ஆனால் அவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். யார் எதைப் பார்க்க முடியும் என்பது இங்கேயே பிரிந்துவிடுகிறது.

உளவு பார்த்த படங்கள்

1960 முதல் 1972 வரை அமெரிக்கா ‘கொரோனா’ என்ற இரகசிய உளவுச் செய்மதிகளை இயக்கியது. படச்சுருளைக் கூடையில் வைத்துப் பாரசூட்டில் இறக்கி, விமானத்தால் நடு வானத்தில் கொக்கி போட்டுப் பிடித்தார்கள். சோவியத் நாட்டின் ஏவுகணைத் தளங்களைத் தேடுவதற்காக எடுத்த அந்த 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் 1995இல் வெளியிடப்பட்டபோது, தொல்லியலாளர்களுக்கு அது புதையல் ஆனது. காரணம் அவற்றின் வயது. அணைகளும் நகரங்களும் இயந்திர உழவும் வந்து அழிப்பதற்கு முந்திய நிலம் அவற்றில் அப்படியே இருந்தது. சிரியா, ஈராக் சமவெளிகளில் 4,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரும் ஆடுமாடும் நடந்து நடந்து பள்ளமான பாதைகளைக்கூட அந்தப் படங்களில் இருந்து வரைந்தார்கள்.

இலங்கைக்கும் அப்படியொரு பழைய பதிவு உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா உதவியுடன் 1956இல் நாடு விமானத்தில் இருந்து படமெடுக்கப்பட்டது. காட்டு வளத்தையும் நீர் வளத்தையும் கணக்கெடுப்பது நோக்கம். மகாவலித் திட்டத்துக்கும் போருக்கும் முந்திய நிலம் அது. மலையகத்தைப் பொறுத்தவரை கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாவதற்கும், இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்களின் லயங்கள் வெறுமையாவதற்கும் முந்திய நிலம். அன்று எடுத்தவர்கள் நம்மைப் பற்றி நினைத்து எடுக்கவில்லை. ஆனால் நாம் இருந்த இடம் அதில் பதிந்திருக்கிறது.

காட்டைக் கழற்றிப் பார்ப்பது

கடந்த 15 ஆண்டுகளில் இந்தத் துறையை மாற்றியது லைடார். விமானத்தில் அல்லது ட்ரோனில் இருந்து விநாடிக்கு இலட்சக்கணக்கான லேசர் துடிப்புகளை நிலத்தை நோக்கி அனுப்புவார்கள். ஒவ்வொன்றும் திரும்பிவர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படும். பெரும்பாலானவை மர இலைகளில் பட்டுத் திரும்பும். சில மட்டும் இலை இடைவெளிகளின் ஊடே போய் நிலத்தைத் தொட்டுவிட்டு வரும். கணினியில் இலையில் பட்டவற்றை நீக்கினால், காட்டைக் கழற்றி வைத்ததுபோல் வெறும் நிலத்தின் வடிவம் கிடைக்கும்.

மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டின் கராகோல் என்ற மாயா நகரில் 2009இல் இதைச் செய்தபோது, ஆய்வாளர்கள் 25 ஆண்டுகள் காட்டுக்குள் நடந்து வரைந்ததைவிடப் பல மடங்கு நிலப்பரப்பு சில நாட்களில் கிடைத்தது. 2018இல் குவாத்தமாலாவின் காட்டுப் பகுதியில் 2,100 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நிலத்தில் 60,000க்கும் அதிகமான பழைய கட்டுமானங்கள் அடையாளம் காணப்பட்டன. ஆள் இல்லாத கன்னிக் காடு என்று நினைத்த இடம், ஒரு காலத்தில் வீடும் வயலும் வீதியும் நிறைந்த நாடாக இருந்திருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானது கம்போடியாவின் அங்கோர். 2012இல் நடந்த லைடார் ஆய்வில், கோயில்களுக்கு வெளியே காட்டுக்கும் வயலுக்கும் அடியில் தெருக்களும் குளங்களும் வீட்டு மேடுகளும் வரிசையாகத் தெரிந்தன. கல்லில் கட்டிய கோயில் நின்றது, மரத்திலும் ஓலையிலும் கட்டிய சனங்களின் வீடுகள் மண்ணோடு போயின. அந்த வீடுகள் நின்ற மேடு மட்டும் லேசருக்குப் பிடிபட்டது. இதோடு வியட்நாமின் பழைய மரங்களின் வளைய ஆய்வையும் சேர்த்துப் பார்த்தபோது, 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சியும் இடையிடையே கடும் மழையும் வந்து, அந்தப் பெரும் நீர்வலையமைப்பு தாங்க முடியாமல் உடைந்ததும் அங்கோரின் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்று விளங்கியது. குடியிருப்பையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் படிப்பது என்பது இதுதான்.

நம் நாட்டில், நம் அயலில்

இலங்கையில் இந்த வகை ஆய்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு அநுராதபுரத்தின் சுற்றுப்புறம். ரொபின் கொனிங்ஹாம், பிரிசாந்த குணவர்தன ஆகியோரின் குழு 2005 முதல் நகரைச் சுற்றி 50 கிலோமீற்றர் வட்டத்துக்குள் ஆய்வு செய்தது. வரைபடங்களையும் செய்மதித் தரவுகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு, உண்மையில் வயலிலும் காட்டிலும் நடந்து ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கித்தான் வேலை நடந்தது. பெரிய தலைநகருக்கு வெளியே சிறு நகரங்கள் வரிசையாக இருந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. கிடைத்தவை சிறு கிராமங்களும் விகாரைகளும் குளங்களுமே. நகரங்கள் செய்யக்கூடிய நிர்வாக வேலையை அங்கே விகாரைகள் செய்திருக்கலாம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

பூனாகலைக்கு மேற்கே, இதே தென்மலைச் சரிவில், பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ இருக்கிறது. நீர்த்தேக்கம் கட்டுவதற்கு முன் நடந்த கள ஆய்வில், கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் மேற்கு நோக்கிய மலைமுகங்களில் இரும்பு உருக்கிய 77 இடங்களைக் கண்டார். ஏன் எல்லாம் ஒரே பக்கத்தைப் பார்க்கின்றன? தென்மேற்குப் பருவக் காற்று அந்த முகத்தில் மோதும்போது, துருத்தி ஊதாமலேயே உலைக்குத் தேவையான காற்று கிடைத்துவிடும். 1994இல் பழைய முறைப்படியே உலை கட்டி, அந்தக் காற்றிலேயே இரும்பு உருக்கிக் காட்டினார்கள். 1996இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் இது வெளிவந்தது. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான அந்த மலைவாசிகளின் தொழில்நுட்பத்தை, அவர்கள் இடம் தெரிவு செய்த விதமே சொல்லியது. சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு செங்குத்து, காற்று எங்கே மோதும் என்பதெல்லாம் இன்று செய்மதி உயரத் தரவில் இருந்து கணக்கிடக்கூடியவை. அதே காற்று இன்றும் நம் கூரைத் தகரத்தைத் தூக்குகிறது.

இன்னும் பழையதும் உண்டு. பண்டாரவளைக் குன்றுகளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கற்கால மனிதர்கள் படிகக் கல்லில் செதுக்கிய சிறு ஆயுதங்கள் பொறுக்கப்பட்டன. ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் புதைந்த மகரந்தத் துகள்களை வைத்து, 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இந்த மலையில் மழையும் காடும் எப்படி மாறின என்று ஆராய்ந்திருக்கிறார்கள். விரல் நகம் அளவான கல்லையும் மகரந்தத்தையும் எந்தச் செய்மதியும் காட்டாது. எங்கே தேடலாம் என்று சொல்வதோடு செய்மதியின் வேலை முடிந்துவிடும்.

மலையகத்தில் கூடுதலாக ஒரு சிக்கல். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பின் தேயிலை வந்தது. மலை முழுவதும் கான் வெட்டி, வீதி போட்டு, கல்லடுக்கு வைத்தார்கள். மேல்மண் கழுவிப் போனது. ஆகவே இங்கே பழைய காலத்தைத் தேடுகிறவர், முதலில் தோட்டம் போட்ட கோடுகளை அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டுத்தான் அதற்கு முந்தியதைப் பார்க்க முடியும்.

ஒதுக்கப்படும் கோடுகள் யாருடையவை?

நான் பாடசாலையில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவன். அங்கோர் படத்தைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், நம்ம பழைய லயத்தையும் இப்பிடிப் பாக்க ஏலுமா?”

ஏலும். ஆனால் யாரும் பார்க்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் எழுதப்பட்டபோது, தொன்மைக்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள். நம் முன்னோர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிந்தியது. சட்டத்தில் பிறகு திருத்தங்கள் வந்தாலும், மலையகத்தில் தொல்லியல் என்றால் தோட்டத்துக்கு முந்தியது மட்டுமே என்ற எண்ணம் போகவில்லை. உடைக்கப்பட்ட லயத்தின் அத்திவாரம், பழைய பிரட்டுக்களம், பீலிக்கரை, பெயர் இல்லாத புதைகுழிகள், கோப்பிக் காலத்துக் குறுக்குப் பாதைகள் எல்லாம் ஒதுக்கப்படும் கோடுகளாகவே இருக்கின்றன.

மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்த பாதையை நினைத்துப் பாருங்கள். பசியிலும் கொலராவிலும் விழுந்தவர்கள் அந்த வழியிலேயே புதைக்கப்பட்டார்கள். 200 ஆண்டு நினைவாக 2023 யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தார்கள். சிரியாவில் 4,000 ஆண்டுப் பாதையைப் படத்தில் தேடி வரைய முடியும் என்றால், 200 ஆண்டுப் பாதையையும் அதன் மடங்களையும் கிணறுகளையும் புதைகுழிகளையும் தேடுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஒன்றும் இல்லை.

1977இலும் 1983இலும் அடிபட்டு இந்த மலைகளில் இருந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களின் ஊர்களும் இந்தக் கணக்கில் சேரும். அந்த ஊர்கள் சில போரில் மீண்டும் காடாகின. 2009க்குப் பிறகு திரும்பிப் போன பலர் தங்கள் வளவைக் கண்டுபிடித்தது எப்படி? வீடு இல்லை, வேலி இல்லை. கிணறு இருந்தது, நட்ட தென்னையோ மாமரமோ இருந்தது, படலை நின்ற இடத்தில் வேம்பு இருந்தது. அதில் இருந்து அளந்து, அடுப்படி இங்கே, திண்ணை இங்கே என்று சொன்னார்கள். கைவிடப்பட்ட குடியிருப்பை மரத்தை வைத்தும் நீரை வைத்தும் கண்டுபிடிக்கும் தொல்லியல் முறையும் இதுவே. கருவி மட்டும்தான் வேறு.

அதே கண், போர்க்காலத்தில்

2009இல் வன்னிக்குள் வெளியார் யாரும் போக முடியாதபோது, செய்மதி மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் அந்த மே மாதம் சில நாள் இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, மக்கள் கூடாரங்கள் இல்லாமல் போனதையும் எறிகணைக் குழிகளையும் அறிக்கையாக வெளியிட்டது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கையும் ஐ.நா.வின் யுனோசாட் செய்மதிப் பகுப்பாய்வைப் பயன்படுத்தியது. கூடாரம் இருந்த நிலத்துக்கும் இல்லாத நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்கும் அந்த முறை, லய அத்திவாரத்தைப் படிக்கும் முறைதான்.

2025இல் யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தியில் மனிதப் புதைகுழி நீதிமன்றக் கண்காணிப்பில் அகழப்பட்டபோது, அகழ்வுக்குப் பொறுப்பாக இருந்தவர் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ. அங்கே இரண்டாவது இடம் ஒன்று செய்மதி, ட்ரோன் படங்களின் துணையுடன் அடையாளம் காணப்பட்டது. ஓகஸ்டில் தரையை ஊடுருவும் ராடார் கருவியும் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டில் மீட்கப்பட்ட எலும்புக்கூடுகள் 200ஐத் தாண்டின. குழி வெட்டி மூடிய மண் பக்கத்து மண்ணைப்போல் மீண்டும் ஆவதில்லை, அதன் இறுக்கமும் ஈரமும் வேறு. இரண்டாயிரம் ஆண்டு அகழியைக் காட்டும் அதே இயல்பு, இருபது முப்பது ஆண்டுப் புதைகுழியையும் காட்டிக்கொடுக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்களுக்கு இந்தத் துறை படிப்புச் சார்ந்த விடயம் மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

வடிவம் சொல்வதும், நாம் சொல்வதும்

இவ்வளவு பலமுள்ள கருவி தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதையும் நம் மக்கள் அறிவார்கள். 2020 யூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கான ஜனாதிபதி செயலணி, பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் நியமிக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. குருந்தூர்மலை, வெடுக்குநாறிமலை ஆகிய பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்.

படத்தில் தெரிவது ஒரு வடிவம். அது மேடு, கோடு அல்லது நிறவேறுபாடு. அது எந்தக் காலம், யார் கட்டியது, என்ன மொழி பேசினார்கள், எந்தக் கடவுளைக் கும்பிட்டார்கள் என்பது படத்தில் இல்லை.

இதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். வடமேற்கு இந்தியாவில் காக்கர் ஆற்றின் அகலமான பழைய தடம் லான்ட்சாட் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. அதன் கரையில் சிந்துவெளி ஊர்கள் நெருக்கமாக இருந்தன. ஆகவே இமயமலைப் பேராறு ஒன்று அந்த ஊர்களை வளர்த்தது, அது வற்றியதும் ஊர்கள் அழிந்தன என்று பலர் நம்பினார்கள். 2017இல் வெளியான ஆய்வில், துளையிட்டு எடுத்த மணலின் வயதைக் கணித்துப் பார்த்தார்கள். சத்லஜ் ஆறு அந்தத் தடத்தை விட்டு விலகிச் சுமார் 8,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர்கள் எழுந்ததே பேராறு போன பிறகுதான். படம் பொய் சொல்லவில்லை. படத்துக்குச் சொன்ன கதைதான் பிழைத்தது.

அடுத்தது நம் கடல். 2024இல் இஸ்ரோ ஆய்வாளர்கள் அமெரிக்கச் செய்மதி ஒன்றின் லேசர்த் தரவைக் கொண்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான 29 கிலோமீற்றர் மணல்திட்டுத் தொடரை நீருக்கடியிலும் சேர்த்து வரைபடமாக்கினார்கள். நல்ல வேலை. அந்த லேசர் ஆழத்தையும் வடிவத்தையும் அளந்தது. ஆனால் பாலத்தைக் கட்டியது யார் என்பதைச் செய்மதி நிரூபித்துவிட்டதாகச் சில செய்திகள் பரவின. அளவியில் அப்படியொரு விடை இல்லை.

ஆகவே “செய்மதியில் பழைய கட்டடம் தெரிந்தது” என்று யாராவது சொல்லும்போது, அவர் அரச அதிகாரியானாலும் நம்மவர் ஒருவரானாலும், சில கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தச் செய்மதி, எந்தத் திகதி, ஒரு புள்ளி எத்தனை மீற்றர்? நிலத்தில் போய்ப் பார்த்தார்களா, வயதைக் கணித்தார்களா? அந்த இடத்தில் வாழும் சனங்களிடம் கேட்டார்களா? தரவை வேறொரு ஆய்வாளர் சரிபார்க்கத் திறந்து வைத்திருக்கிறார்களா? இதற்குப் பதில் இல்லாமல் எல்லைக் கல் நடப்பட்டால், அதைத் தொல்லியல் என்று ஏற்க முடியாது. அதேபோல, தமிழ்த் தொன்மை என்று நாம் சொல்வதற்கும் இதே அளவுகோல் வேண்டும். கீழடிக்கு இன்று மரியாதை கிடைப்பது, 2013–14இல் வைகைக் கரையோரமாக நடந்து 293 இடங்களைப் பதிவு செய்து, பிறகு அகழ்ந்து, கரியின் வயதைக் கணித்த பொறுமையான வேலையால்தான்.

பழைய சரிவும் புதிய வீடும்

பூனாகலைக்கு இதில் உடனடிப் பயன் ஒன்று உண்டு. லைடாரில் காட்டைக் கழற்றிப் பார்க்கும்போது பழைய ஊர் மட்டுமல்ல, பழைய மண்சரிவும் தெரியும். குதிரை லாடம்போல் வளைந்த மேல்விளிம்பு, கீழே பிதுங்கிக் குவிந்த மண், இடையில் நீர் கசியும் மேடு. நூறு ஆண்டுகளுக்கு முன் சரிந்த மலையில் இன்று தேயிலை நிற்கலாம், லயமும் நிற்கலாம். ஒரு முறை சரிந்த இடம் மீண்டும் சரியும் வாய்ப்பு அதிகம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைந்து வருகிறது. மீரியபெத்தைக்கும் அனர்த்தத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிக்கை இருந்தது. வரைபடம் இருந்தும் மாற்றுக் காணி இல்லாததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். லயத்துக்கு இடம் பார்த்த துரைமார் கணக்கில் எடுத்தது வேலைக்குப் பக்கம் என்பதைத்தான். காற்றைப் பார்த்து மலைமுகத்தைத் தெரிவு செய்த சமனலவெவக்காரர்களுக்கு இருந்த உரிமை, தான் வாழும் இடத்தைத் தானே தெரிவு செய்யும் உரிமை, லயத்துக்காரருக்கு ஒருபோதும் இருக்கவில்லை.

படம் இருந்தும் காணி கிடைக்காதது தொழில்நுட்பக் குறை இல்லை. ஆனால் படம் நம் கையிலும் இருந்தால், “இந்தச் சரிவில் வீடு தராதீர்கள், அந்த மேட்டில் தாருங்கள்” என்று பிரதேச செயலகத்தில் சான்றோடு பேசலாம்.

இதைத் தொடங்கப் பெரிய செலவு இல்லை. கூகுள் ஏர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. லான்ட்சாட், சென்டினல் படங்களை எவரும் இறக்கிக்கொள்ளலாம். உயர்தர வகுப்பு மாணவர்கள் ஒரு கணினியை வைத்து, தங்கள் தோட்டத்தில் மறைந்த லயங்களையும் பீலிகளையும் குறிக்கலாம். அதற்குப் பெரியவர்களின் வாய்மொழி வேண்டும். “அந்த மாமரத்துக்குக் கீழதான் மேட்டு லயம், அதுக்குப் பணிய பிள்ளைக் காம்பரா” என்று சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் பெயர் இல்லாவிட்டால், படத்தில் தெரியும் கோடு வெறும் கோடுதான். எங்கள் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பதும் அந்தப் பெயர்களைத்தான்.

ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். எதையும் தோண்டக் கூடாது. தோண்டிய இடம் சாட்சியத்தை இழந்துவிடும், பழைய இடமானாலும் புதைகுழியானாலும். பழைய குகை, கல்வெட்டு போன்றவற்றின் சரியான இடத்தை முகநூலில் போட்டால், அடுத்த வாரமே புதையல் தோண்டுகிறவர்கள் வந்து நிற்பார்கள். குறித்து வையுங்கள், திகதியோடு படம் எடுத்து வையுங்கள், ஊர்ச் சங்கத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். காணி பற்றி யாராவது கேட்டு வரும் நாளில், நாம் எங்கே, எப்போது, எப்படி இருந்தோம் என்பதை எடுத்துக் காட்ட அது நம் கையில் இருக்கும்.